காரைக்கால்: தொடக்க வகுப்புகளில் டிஜிட்டல் கற்பித்தல்

தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் வங்கக் கடலுக்கும் இடையே உள்ள காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. புதுச்சேரிக்குத் தனிப் பாடத்திட்டம் இல்லை. எனவே இங்கே வகுப்பறைத் திரையில் ஓடும் பாடங்களும் பெரும்பாலும் வெளியில் உருவானவையே. அரசுத் தொடக்கப்பள்ளிகள் 2014-15 முதல் படிப்படியாகத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறின.

2017 செப்டம்பரில் வந்த நடுவண் அரசின் தீக்ஷா இணையவழிக் கற்றல் தளமே பெரிய திருப்பம். தமிழ்நாட்டின் 2018 புதிய பாடநூல்களிலும், பின்னர் சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கான என்.சி.இ.ஆர்.டி. நூல்களிலும் அத்தளத்துக்கு இட்டுச்செல்லும் க்யூஆர் குறியீடுகள் அச்சாயின. ஆசிரியர் கைப்பேசியைப் பக்கத்தின் மேல் பிடித்தால் அசைபடமோ பயிற்சியோ திறக்கும். அச்சு மங்கிவிட்டால் குறியீட்டின் கீழுள்ள ஆறு எழுத்து-எண்களைத் தட்டினாலும் போதும். ஆனால் உள்ளங்கை அளவுத் திரையை ஒரு வகுப்பே எட்டிப் பார்த்து என்ன பயன்? புரொஜெக்டரோ ஸ்மார்ட் டிவியோ இருந்தால்தான் பாடம் நடக்கும்.

ஆனால் இத்தகைய கருவிகளுக்கு நிதி தரும் நடுவண் அரசின் பள்ளிக் கணினித் திட்டம் 2004இல் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கென்றே தொடங்கியது. 2018இல் வந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவிலும் அந்த நிதி ஆறாம் வகுப்பிலிருந்துதான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதினர் கடைசி வரிசைக்குப் போனது விசித்திரமே.

தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி (2019) யூடியூபிலும் கிடைப்பதால் காரைக்காலில் அதைப் பார்க்க மாநில எல்லை தடையல்ல. பாடத்திட்ட வேறுபாடுதான் தடை.