மற்றும் குழுவினர்

பொப்பிசை உலகில் புதியவர் ஒருவர் எழுவதற்குப் பின்னால் ஏற்கனவே புகழ்பெற்ற ஒருவரின் கை இருப்பது புதுமையன்று. ஈழத்தமிழ்ப் பெண் ஒருவர் அத்தகைய கையைப் பற்றி எழுந்து, பின்னர் தாமே பலருக்குக் கைகொடுத்த வரலாறு நம்மவர் கவனத்துக்கு உரியது.

மாயா அருள்பிரகாசம் 1975 இல் இலண்டனில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போர்ச் சூழலில் மீண்டும் இலண்டனுக்கே அகதியாகச் சென்றவர். எலாஸ்டிகா என்ற இசைக்குழுவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் அவரை முதலில் அழைத்தது பாடுவதற்கன்று; 2000 இல் வெளிவந்த தமது இசைத்தொகுப்பின் அட்டையை வடிவமைப்பதற்கே. அக்குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றபோது, உடன்வந்த பாடகி பீச்சஸ், ரோலண்ட் எம்.சி. 505 என்னும் மின்னணுத் தாளக்கருவியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். ஃபிரிஷ்மனிடம் இரவல் பெற்ற அக்கருவியில்தான் 'எம்.ஐ.ஏ.' உருவானார். 2003 இல் வெளிவந்த 'கலாங்' பாடலின் ஆக்கத்தில் ஃபிரிஷ்மனும் பங்குகொண்டார்.

அடுத்த கட்டத்தில் கொடுக்கும் கை மாயாவினுடையது. 2007 இல் வெளியான 'கலா' தொகுப்பின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடல் 2008 இல் அமெரிக்கத் தரவரிசையில் 4 ஆம் இடத்தை எட்டியது. அதன் தயாரிப்பாளர் டிப்லோ உலகப் புகழ் பெற்றார். மாயாவுடன் பணியாற்றிய அவரும் சுவிட்ச் என்பவரும் இணைந்தே பின்னர் 'மேஜர் லேசர்' குழுவைத் தொடங்கினர். பால்டிமோர் நகரத்து இளம்பெண் ரை ரையைத் தமது சொந்த இசை நிறுவனத்தில் மாயா ஒப்பந்தம் செய்தார். அவரது முதல் தொகுப்பு 2012 இல் வெளிவந்தது.

ஆயினும், இதே 'கலா' தொகுப்பில் நமது உறுமியும் ஒலிக்கிறது. சென்னையில் பதிவான அந்த முழக்கமே 'பேர்ட் ஃப்ளூ' பாடலின் உயிர். அதை முழக்கிய கலைஞர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதே தொகுப்பின் வழியாக டிப்லோவின் பெயர் உலகைச் சுற்றி வந்தது. திறமை இருபுறமும் இருந்தது. டிப்லோவுக்கு மேடையும் நிறுவனங்களும் விளம்பரமும் உள்ள ஓர் உலகம் காத்திருந்தது. உறுமிக் கலைஞருக்கு அது இல்லை.

கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் பைலா மெட்டுக்குக் கிற்றார் வாசிக்கும் நம் இளைஞர்களுக்கும் இதுவே நிலை. "பெரிய பாட்டுக்காரர் ஆராவது கைதந்தால் நாங்களும் மேலுக்கு வரலாந்தானே, ஐயா?" என்று அவர்கள் கேட்பதுண்டு. வரலாம். ஆனால் கைதருபவர் பெயரையும் தரவேண்டும். கர்நாடக இசைக் கச்சேரியில் பக்கவாத்தியக்காரரின் பெயர் சொல்லப்படுகிறது. மட்டக்களப்புக் கூத்தில் அண்ணாவியாரின் பெயரை ஊரே அறியும். மெல்லிசை, பொப்பிசை விளம்பரங்களில் மட்டும் நட்சத்திரத்தின் பெயருக்குக் கீழே 'மற்றும் குழுவினர்' என்று முடித்துவிடுகிறோம்.

அந்த இரு சொற்களுக்குள் எத்தனை கலைஞர்கள் மறைந்துபோனார்களோ! சுவரொட்டியில் நாலு பெயர்களைக் கூடுதலாக அச்சிடுவதற்கு உலக நட்சத்திரம் எவரும் வரவேண்டியதில்லை.