வாரம் ஒரு சூ

மறைபணிக்குப் பொருள் திரட்டுவோர் கொடையாளர்க்கு மடல் வரைவதையும் கணக்குக் காட்டுவதையும் இன்று இயல்பாகக் கொள்கிறோம். இம்முறைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் பிரான்சின் லியோன் நகரத்துப் பவுலின் ஜாரிக்கோ. பட்டாலைப் பெண்களிடம் அவர் கேட்டது வாரம் ஒரு சூ. மிகச் சிறிய காசு. பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர், நூறு பேருக்கு ஒருவர், ஆயிரம் பேருக்கு ஒருவர். 1822 மே 3 அன்று இம்முயற்சி விசுவாசப் பரப்புதல் சங்கமாக உருப்பெற்றது. தொலைநாட்டு மறைபணியாளரின் மடல்களைச் சங்கம் இதழாக அச்சிட்டது. பத்துப் பேருக்கு ஒரு படி, கைமாற்றிப் படித்தனர். தம் காசு சென்ற இடத்தை எளிய தொழிலாளியும் அறிந்தார். திரண்ட தொகையினும் இதுவே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

பின்னர், தொழிலாளர் நலனுக்கென அவர் பொருளுதவி செய்த ஆலை, நம்பியவர்களின் மோசடியால் மூழ்கிற்று. கடனடைக்கக் கையேந்தி அலைந்தார். 1862 இல் வறியோர் சான்றிதழுடன் இறந்தார். அருளாளர் பட்டம் வந்தது 2022 இல்.