ஆண்டவரின் இல்லத்தில் உலோகங்கள்

இறைவன் உறையும் இடத்தைத் தன்னிடமுள்ள உயர்ந்த பொருளால் அழகு செய்ய மனிதன் விரும்புவது இயல்பு. பழைய ஏற்பாட்டு மக்களும் அவ்வாறே செய்தனர். ஆயினும் பொன்னையும் வெள்ளியையும் வெண்கலத்தையும் அவர்கள் மனம் போனபடி பயன்படுத்தவில்லை. எது எங்கே அமைய வேண்டும் என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. அவ்வொழுங்கே ஒரு மறைக்கல்வி. யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் அதனைச் சற்றுச் சிந்திப்பது பொருத்தமாகும்.

சாட்சியக் கூடாரம்

மோயீசன் பாலைவனத்தில் அமைத்த கூடாரத்தின் வெளிமுற்றத்தில் மேலோங்கி நின்றது வெண்கலம். பலிபீடம் வெண்கலத் தகடு வேய்ந்தது. குருக்கள் கைகால் கழுவிய தொட்டியும் வெண்கலமே. நெருப்பும் இரத்தமும் நீரும் புழங்கும் இடத்திற்கு உறுதியான உலோகம் தேவை அல்லவா? உள்ளே செல்லச் செல்லப் பொன் ஒளிர்ந்தது. விளக்குத் தண்டு பசும்பொன்னால் அடித்து உருவாக்கப்பட்டது. உடன்படிக்கைப் பேழை உள்ளும் புறமும் பொன் வேய்ந்தது. பாவக் கழுவாயில் தொடங்கி இறைவனின் மகிமையை நோக்கி நடக்கும் பயணத்தை உலோகங்களே எடுத்துக் காட்டின.

வெள்ளியோ கண்ணுக்கு அதிகம் படாத இடத்தில் இருந்தது. கூடாரத்தின் மரச் சட்டங்களையும் உட்திரையின் தூண்களையும் தாங்கிய 100 பாதங்கள் வெள்ளியால் ஆனவை. ஒவ்வொன்றும் ஒரு தாலந்து எடை, அதாவது முப்பது கிலோவுக்கு மேல். இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? இருபது வயதும் அதற்கு மேலும் உடைய ஆண்கள் 6,03,550 பேர் தலைக்கு அரை செக்கேல் கொடுத்தனர். செல்வன் கூட்டிக் கொடுக்கவும் ஏழை குறைத்துக் கொடுக்கவும் கூடாது என்பது கட்டளை. பொன்னை அவரவர் மனமுவந்து கொடுத்தனர். அதில் ஏற்றத்தாழ்வு இருந்திருக்கும். அடித்தளத்திலோ அனைவரும் சமம்!

பெண்களின் பங்கும் மறக்கப்படவில்லை. கூடார வாயிலில் பணி செய்த பெண்கள் தந்த வெண்கலக் கண்ணாடிகளைக் கொண்டே அந்தத் தண்ணீர்த் தொட்டி செய்யப்பட்டது. தம் முகம் பார்த்த பொருளைப் பிறர் தூய்மை பெறத் தந்தனர். இவ்வாறு காணிக்கைகள் குவியவே, 'இனிக் கொண்டுவர வேண்டாம்' என்று மோயீசன் தடுக்க வேண்டியதாயிற்று.

சாலமோனின் ஆலயம்

கி.மு. பத்தாம் நூற்றாண்டில் சாலமோன் யெருசலேமில் எழுப்பிய ஆலயம் 60 முழ நீளமும் 20 முழ அகலமும் கொண்டது. உட்புறம் பொன்மயம். வெண்கல வேலைக்குத் தீர் நகரத்துக் கீராம் என்னும் கைவினைஞன் வரவழைக்கப்பட்டான். அவன் தாய் நெப்தலி குலத்து விதவை. தந்தை தீர் நகரத்துக் கன்னான். யாக்கின், போவாஸ் என்ற 18 முழ உயரத் தூண்கள் இரண்டையும், பன்னிரு காளைகள் தாங்கிய 'வெண்கலக் கடல்' எனும் பெருந்தொட்டியையும் யோர்தான் சமவெளியின் களிமண் நிலத்தில் அவன் வார்த்தான்.

இவ்வளவு செம்பு அக்காலத்தில் கிடைத்ததா என்று ஐயுறுவோர் உண்டு. ஆக்காபா வளைகுடாவுக்கு வடக்கேயுள்ள திம்னா பள்ளத்தாக்கில் 2010-க்குப் பின் நடந்த ஆய்வுகள், அதே பத்தாம் நூற்றாண்டில் அங்கே செம்பு உருக்கும் தொழில் மும்முரமாக நடந்ததைக் காட்டியுள்ளன. அங்கு உழைத்தவர்கள் ஏதோமியர் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

ஆனால் இரும்புக்கு மட்டும் தடை. கற்கள் வெட்டுமிடத்திலேயே செதுக்கப்பட்டன. ஆலயத்தில் சுத்தியல் ஓசையோ கோடரி ஓசையோ கேட்கவில்லை. பலிபீடக் கல்லில் இரும்புக் கருவி படவே கூடாது என்பது மோயீசன் சட்டம். இரும்பு மனிதனின் ஆயுளைக் குறைப்பது, பலிபீடமோ ஆயுளைக் கூட்டுவது என்று யூத அறிஞர்கள் இதற்கு அழகாக விளக்கம் கூறினர்.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடாரம் மக்களின் விருப்பக் காணிக்கையால் எழுந்தது. சாலமோனோ 30,000 பேரைக் கட்டாய வேலைக்குச் சேர்த்து லீபானுக்கு முறைபோட்டு அனுப்பினான். அவன் இறந்ததும் வடகுலத்தார் பாரச் சுமையைக் குறைக்குமாறு முறையிட்டனர், புதிய அரசன் செவிசாய்க்கவில்லை, நாடு இரண்டாயிற்று. பொன்னால் இழைத்த ஆலயம் மக்களைச் சேர்த்து வைக்கவில்லை!

அழிந்ததும் நிலைத்ததும்

ரொபோவாம் காலத்திலேயே எகிப்து அரசன் சீசாக் ஆலயச் செல்வங்களைக் கொள்ளையிட்டான். பொற்கேடயங்கள் போயின, அவற்றுக்குப் பதிலாக வெண்கலக் கேடயங்கள் வந்தன. ஆக்காஸ் காளைகளின் மேலிருந்து வெண்கலக் கடலை இறக்கினான். எசேக்கியாஸ் அசீரியருக்குக் கப்பம் கட்ட ஆலயக் கதவுகளின் பொன்னை உரித்தான். கி.மு. 587-ல் பாபிலோனியர் தூண்களை உடைத்து வெண்கலத்தை வாரிச் சென்றனர்.

இதே எசேக்கியாஸ்தான் மோயீசன் செய்த வெண்கலப் பாம்பையும் உடைத்தவன். மக்களைக் காப்பாற்றிய அடையாளத்திற்கே மக்கள் தூபம் காட்டத் தொடங்கியதால் அதை உடைத்தான். அடையாளம் இறைவனின் இடத்தைப் பிடித்துவிட்டால் அது உடைய வேண்டியதே. உயர்த்தப்பட்ட அந்தப் பாம்பில் தம் சிலுவையின் சாயலை நம் ஆண்டவர் இயேசுவே சுட்டிக் காட்டினார். உலோகம் போயிற்று, அதன் பொருள் நிலைத்தது.

நம் ஆலயத்தின் மணியும் பாத்திரங்களும் விளக்குகளும் நம் முன்னோரின் காணிக்கைகள். அவற்றைப் பேணுவது நம் கடமை. ஆனால் நாமே இறைவனின் ஆலயம் என்று அப்போஸ்தலர் சின்னப்பர் கற்பிக்கிறார். அந்த ஆலயத்தைத் தாங்கும் வெள்ளிப் பாதங்கள், பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவரும் தரும் அரை செக்கேலே. யூபிலி ஆண்டில் நம் பங்கை நாம் கொடுத்துவிட்டோமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வோமாக!