மேஜையிலிருந்து தரைக்கு இறங்கிய யந்திரம்

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டர், மேஜையின்மேல் படுத்துக் கிடந்து, தன் முதுகிலே திரையையும் சுமந்து, குமாஸ்தா காகிதம் விரிப்பதற்கு இடமின்றிச் செய்த ஓர் அகன்ற இரும்புப் பெட்டியாகவே காரியாலயங்களுக்குள் பிரவேசித்தது. அந்த விஸ்தாரம் ஆடம்பரத்தால் வந்ததன்று. திரைக்கு ஓர் அட்டை, பிளாப்பிக்கு ஓர் அட்டை, நினைவகத்தைப் பெருக்க மற்றோர் அட்டை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே செருக வேண்டியிருந்தபடியால், அதிலிருந்த 5 செருகுவாய்களும் சீக்கிரமே நிரம்பிவிட, 1983-இல் வந்த எக்ஸ்டி 8 வாய்களோடு வர நேர்ந்தது.

1987-இல் அதே நிறுவனம் தன் பிஎஸ் 2 வரிசையில் மாடல் 50-ஐ மேஜைக்கென்றும், 60, 80 ஆகியவற்றைத் தரையில் நிமிர்ந்து நிற்கும் கோபுரங்களாகவும் வெளியிட்டபோது, எதை வாங்குவதென்ற பிரச்சினை காரியாலய நிர்வாகிகளைப் பற்றிக்கொண்டது. பிற்காலத்துக்கு உதவும் என்று கோபுரத்தை வாங்கி, அந்தப் பிற்காலம் வருமுன்னரே யந்திரத்தைக் கழித்துக் கட்டியவர்கள்தாம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஒலி, வலையிணைப்பு, திரை ஆகிய யாவும் தாய்ப்பலகைக்குள்ளேயே ஐக்கியமான பிறகு செருகுவாய்களின் அவசியம் குன்றியது. மடிக்கணினியின் உறுப்புகளைக் கொண்டு, மின்மாற்றியை வயரோடு வெளியே தள்ளிவிட்டு, 2012-இல் லெனோவோ விற்ற எம்92பி டைனி, சுமார் 35 மில்லிமீட்டர் கனமே கொண்டு திரையின் பின்புறத்தில் திருகி மாட்டத்தக்கதாயிருந்தது. பெரிய வரைகலை அட்டை அதற்குள் நுழையாது. ஆகையால் கட்டட வரைபடமும் திரைப்படத் தொகுப்பும் நடக்கும் இடங்களில் கோபுரம் இன்னும் மேஜைக்கடியில் நிற்கிறது.