துண்டுச் சீட்டும் பேஸ்போலும்

1889ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி கொழும்பில் ஒரு பேஸ்போல் ஆட்டம் நடைபெற்றது. அமெரிக்காவின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து ஆடினர். ஒன்று சிக்காகோ அணி. மற்றையது பல கழகங்களிலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்ட 'அனைத்து அமெரிக்க' அணி. கப்பலுக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் ஐந்து இன்னிங்ஸ்களோடு ஆட்டம் நின்றது. இரு தரப்பும் மூன்று ஓட்டங்கள். வென்றவர் இல்லை, தோற்றவரும் இல்லை.

இவர்களைக் கூட்டி வந்தவர் அல்பர்ட் ஸ்போல்டிங். முன்னாள் எறிவாளர், சிக்காகோ அணியின் உரிமையாளர், பந்தும் மட்டையும் விற்கும் பெருவணிகர். உலகம் பேஸ்போல் ஆடத் தொடங்கினால் உலகம் தன்னிடம் பந்து வாங்கும் என்பது அவரது கணக்கு. சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி, அவுஸ்திரேலியாவில் ஆடி, கொழும்பு வந்து, பின்னர் எகிப்துக்குப் போனார்கள். பெப்ரவரி 9ஆம் திகதி பிரமிட்டுகளின் அடிவாரத்து மணலில் ஆடினார்கள். எகிப்து அப்போது ஆங்கிலேயரின் பிடியில் இருந்தது. அந்தப் பிடியை எதிர்த்துப் போராடிய ஒறாபி பாஷாவோ, நாடுகடத்தப்பட்டு, ஆட்டம் நடந்த இதே கொழும்பில் வாழ்ந்துகொண்டிருந்தார். அறிஞர் சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்திய காலமும் அதுதான். ஒரே நகரத்தில் ஒரே நாளில் எத்தனை வரலாறுகள் ஒன்றையொன்று தொடாமல் கடந்து போகின்றன!

நான் வாழும் நல்லதண்ணி பாவாத மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. இங்கிருந்து பார்க்கையில் அந்த ஆட்டத்தின் ஓட்டக் கணக்கு எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. அதில் ஆடிய இருவர்தான் மனதில் நிற்கிறார்கள்.

ஒருவர் சிக்காகோ அணித் தலைவர் கப் அன்சன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேஸ்போலில் அவருக்கு நிகரான மட்டைக்காரர் அரிது. கறுப்பின ஆட்டக்காரருடன் ஒரே களத்தில் ஆட மறுத்த பிடிவாதக்காரரும் அவரே. அக்காலத்தில் தொழில்முறை ஆட்டத்தின் கதவுகள் கறுப்பினத்தவருக்கு மூடப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. கிளாரன்ஸ் டுவால் என்ற கறுப்பினச் சிறுவனை அணியின் 'ராசி'க்காக இந்தப் பயணத்தில் கூட்டி வந்திருந்தார்கள். கெய்ரோ புகையிரத நிலையத்தில் அவனுக்குப் பந்து பிடிப்பவரின் முகமூடியை மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, குரங்காட்டுவது போல் ஆட்டிக் கூட்டத்தை மிரட்டியதை, 1900இல் வெளிவந்த தன் சுயசரிதையில் அன்சனே வேடிக்கையாக விவரிக்கிறார். தேசத்து விளையாட்டைப் பரப்ப வந்த தூதுக்குழுவின் யோக்கியதை இது.

மற்றவர் எதிரணித் தலைவர் ஜோன் மொன்ட்கொமரி வார்ட். எறிவாளராகத் தொடங்கி, கை பழுதானதும் களத்தடுப்புக்கு மாறி அங்கும் சிறந்தவர். ஆடிக்கொண்டே கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். 1885இல் ஆட்டக்காரருக்கென முதற் தொழிற்சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். 1887இல் அவர் எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பே, பேஸ்போல் ஆட்டக்காரன் உடைமைப் பொருளா என்று கேட்பதாக அமைந்தது. அக்காலத்தில் ஒரு கழகம் ஓர் ஆட்டக்காரரை ஒருமுறை ஒப்பந்தம் செய்துவிட்டால், அந்த ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவர் அந்தக் கழகத்துக்கே உரியவர். கழகம் விடுவித்தால் அல்லது விற்றால் மட்டுமே அவர் வேறிடம் போகலாம். அவராக விலகினால் வேறெந்தக் கழகமும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. 1879இல் உரிமையாளர்கள் இரகசியமாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு விரைவிலேயே எல்லா ஒப்பந்தங்களிலும் ஏறிவிட்டது.

மலையகத்தில் பிறந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் பாட்டன்மார் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: துண்டு.

தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரையிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். இன்ன கங்காணியின் ஆட்களை இன்ன கடனைக் கட்டினால் விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் பெரும்பாலும் தொழிலாளி கையில் வாங்கியதாக இராது. கப்பற் செலவு, அரிசி, கங்காணியின் கணக்கு என்று ஏறி ஏறி வந்தது. துண்டில்லாமல் வந்தவனை அடுத்த தோட்டம் ஏற்காது. கொழும்பில் வார்ட் ஆடிய நாளில் புகையிரதம் ஹட்டனுக்கு வந்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நோயில் அழிந்த கோப்பிக்குப் பதிலாக மலையெங்கும் தேயிலை நடப்பட்டுக்கொண்டிருந்தது. தன் கட்டுரையில் கேட்ட கேள்விக்கு இன்னொரு வடிவம் தொண்ணூறு மைலுக்குள் இருந்ததை வார்ட் அறிந்திருக்க வழியில்லை.

துரைமார் வேறு, வார்டின் முதலாளிகள் வேறு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வார்ட் கப்பலேறிய சில நாட்களிலேயே, சங்கத் தலைவர் ஊரில் இல்லாத தருணம் பார்த்து, ஆட்டக்காரரை 'ஏ' முதல் 'ஈ' வரை தரம் பிரித்துச் சம்பளத்துக்கு உச்சவரம்பு விதித்தார்கள். முதல் தரத்துக்கு ஆண்டுக்கு 2,500 டொலர், கடைத் தரத்துக்கு 1,500. தரம் நிர்ணயிப்பதில் ஆட்டம் மட்டுமல்ல, 'நடத்தை'யும் பார்க்கப்படும். வார்ட் பயணம் முடியுமுன்பே தனியே நியூயோர்க் திரும்பினார். 1890இல் ஆட்டக்காரர்களே நடத்தும் புதிய லீக் ஒன்று எழுந்தது. கொழும்பில் ஆடியவர்களில் பலரும் அதில் சேர்ந்தார்கள். அன்சன் சேரவில்லை. ஒரே பருவத்தில் அந்த லீக் பணமின்றிச் சரிந்தது.

எங்கள் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கூலிகள் என்று அழைக்கப்பட்டவர்களின் காகிதக் கட்டு அறுந்த பின்னும், நாடே கொண்டாடிய நட்சத்திரங்களின் கட்டு அறுவதற்கு மேலும் 54 ஆண்டுகள் பிடித்தன என்பது நோக்கத்தக்கது. 1969இல் சென். லூயிஸ் அணியின் கேர்ட் ஃபிளட் தன்னைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்தார். தான் வாங்கி விற்கப்படும் சொத்தல்ல என்று ஆணையாளருக்குக் கடிதம் எழுதி வழக்காடினார். 1972இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். ஆட்டவாழ்வும் போயிற்று. 1975 டிசம்பரில் இரண்டு எறிவாளர்களின் முறைப்பாட்டில் நடுவர் ஒருவர் அளித்த தீர்ப்பே அந்தக் கட்டை அறுத்தது. இன்று கோடிகளில் புரளும் ஆட்டக்காரர்கள் அனைவரும் ஃபிளட்டுக்குக் கடன்பட்டவர்கள். அன்சனைப் புகழ் மண்டபம் 1939இலேயே ஏற்றுக்கொண்டது. வார்ட் 1964 வரை காத்திருந்தார். ஃபிளட்டுக்கு இன்னும் அங்கே இடம் தரப்படவில்லை.

காகிதக் கட்டு ஒன்று அறுந்தால் இன்னொன்று வரும். 1914 ஜனவரியில் இரண்டாவது அமெரிக்கக் குழுவொன்று கொழும்பில் ஆடியது. ட்ரிஸ் ஸ்பீக்கர், சாம் க்ரோஃபோர்ட் போன்ற பெருந்தலைகள் அதில் இருந்தார்கள். எனக்கு முக்கியமானவர் ஜிம் தோர்ப். பூர்வகுடி மகன். 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்று, முன்பு கூலிக்குப் பேஸ்போல் ஆடியவர் என்ற குற்றத்துக்காக அவற்றைப் பறிகொடுத்தவர். அவருடைய மக்கள் அனைவரையும் குடிகளாக ஏற்கும் சட்டத்தை அமெரிக்கா 1924இல்தான் இயற்றியது. அந்த மண்ணின் மூத்த குடிகளுக்கே அந்த நிலை என்றால், நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காடு வெட்டிய எம்மவருக்கு 1948இல் நேர்ந்தது எங்கிருந்தோ வந்த அதிசயமல்ல.

1947 ஏப்ரல் 15ஆம் திகதி புரூக்ளினில் ஜக்கி ரொபின்சன் களமிறங்கினார். அன்சனின் காலத்தில் அடைபட்ட கதவு அன்று திறந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவ சதாசிவம் என்ற தமிழர். நேர்த்தியான ஆட்டத்துக்குப் பேர்போனவர். அதே 1948 முடிவதற்குள் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றோராயினர். 1949இல் வாக்கும் போயிற்று. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் வழக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. ஒரு தமிழர் நாட்டின் தொப்பியை அணிந்திருந்த ஆண்டில் இன்னொரு தமிழரிடமிருந்து நாடே பறிக்கப்பட்டதை, கிரிக்கெட் வரலாறு எழுதுவோர் ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை.

முத்தையா முரளிதரன் இருக்கிறாரே என்பார்கள். இருக்கிறார். 133 டெஸ்ட்களில் 800 விக்கெட். அவருடைய பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து பின்னர் இந்தியாவுக்கே திரும்பியவர். ஆனால் முரளியை உருவாக்கியது தோட்டமல்ல. தகப்பனாரின் கண்டி வியாபாரமும் கட்டுகஸ்தோட்டை சென். அன்ரனீஸ் கல்லூரியும். லயத்தை விட்டு ஒரு தலைமுறை வெளியேறிய பின்பே அந்தப் பந்து சுழன்றது.

இது ஏன் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு டொமினிக்கன் குடியரசின் சன் பெத்ரோ தே மக்கோரிஸ் என்ற ஊர் நினைவுக்கு வருகிறது. அதுவும் தோட்ட நாடுதான். தேயிலைக்குப் பதில் கரும்பு. எங்களைப் போலவே அங்கும் ஆட்களைக் கப்பலில் கொண்டு வந்தார்கள், ஆங்கிலேயரின் கரீபியன் தீவுகளிலிருந்து. ஊர்க்காரர் அவர்களைக் 'கொகோலோ' என்று இளக்காரமாக அழைத்தனர். லயத்தைப் போல அங்கே 'பத்தேய்'. வந்தவர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பிள்ளைகள் காலப்போக்கில் பேஸ்போலுக்கு மாறினார்கள். 1970இல் தேசிய லீக்கின் சிறந்த மட்டைச் சராசரியைப் பெற்ற ரிக்கோ கார்ட்டி, 1979இன் சிறந்த புதுமுகங்களில் ஒருவரான அல்ஃப்ரெடோ கிரிஃபின், 1987இல் அமெரிக்க லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ஜோர்ஜ் பெல் ஆகியோர் அந்த ஆலைக் குடியிருப்புகளின் பிள்ளைகள்.

கரும்பு வெட்டு ஆண்டில் ஏறக்குறைய அரைவாசிக் காலம். மீதி மாதங்களை அங்கே 'செத்த காலம்' என்கிறார்கள். கூலி இல்லை, பட்டினி உண்டு, ஆனால் கை ஓய்ந்திருக்கும். நிலமோ சமதரை. ஆலை நிருவாகங்கள் அணிகள் அமைத்துப் போட்டி நடத்தின. தேயிலைக்குச் செத்த காலம் கிடையாது. கொழுந்து வாரத்துக்கு வாரம் துளிர்க்கும், வருடம் முழுவதும் பெரட்டு அடிக்கும். சமதரை எங்கே கிடைத்தாலும் அதில் தொழிற்சாலை அல்லது பங்களா இருக்கும். துரைமாரின் கிளப்புகளுக்கு ராதெல்லையிலும் டரவலையிலும் பச்சைப் புல்வெளிகள் அமைந்தன. அவற்றை வெட்டிச் சமப்படுத்திய கைகள் நம்மவருடையவை. எஞ்சிய பள்ளத்தாக்குகளில் சிலவற்றை நீர்த்தேக்கங்கள் எடுத்துக்கொண்டன. பழைய மஸ்கெலியா நகரமே கோயில், பள்ளிவாசலோடு மவுசாகலை நீருக்குள் கிடக்கிறது.

ஆனாலும் பிள்ளைகள் ஆடுகிறார்கள். சித்திரைப் புத்தாண்டு வந்தால் எல்லே. மூங்கில் மட்டை, டெனிஸ் பந்து, நாலு தரிப்பிடம் சுற்றி ஓட்டம். ஓடுபவரைப் பந்தால் எறிந்து அடித்தால் அவர் வெளியே. அமெரிக்கப் பேஸ்போலிலும் தொடக்கத்தில் இப்படி அடிக்கும் வழக்கம் இருந்தது. 1845இல் நியூயோர்க்கில் எழுதப்பட்ட விதிகள் அதை நீக்கின. ஸ்போல்டிங் விற்க வந்த ஆட்டத்தின் பழைய சாயலை எங்கள் பையன்கள் அவரிடம் ஒரு பந்தும் வாங்காமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நல்லதண்ணிச் சரிவில் ஓங்கி அடித்த பந்து மேற்பக்கம் போனால் உருண்டு திரும்பி வரும். கீழ்ப்பக்கம் போனால் தேயிலைக்குள் இறங்கித் தேடவேண்டும், அதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். அதனால் இங்கே எல்லாரும் கீழ்ப்பக்கம் அடிக்கவே பழகியிருக்கிறார்கள்.