பேராற்றின் முதலடி

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள இட்டாஸ்கா ஏரிப் பூங்காவிற்கு ஒருநாள் உலாவாகக் குடும்பங்கள் வருகின்றன. மிசிசிப்பிப் பேராறு பிறக்கும் அவ்விடத்தில், குழந்தைகள் கற்கள்மேல் கால்வைத்து அதனைச் சில அடிகளிலேயே கடந்துவிடுகின்றனர்.

ஓஜிப்வே மக்கள் அவ்வேரிக்கு மானின் பெயரையே இட்டிருந்தனர். 1832இல் அம்மரபினரான ஒசாவிண்டிப் வழிகாட்ட, அங்குச் சென்ற ஸ்கூல்கிராஃப்ட், ‘உண்மை’, ‘தலை’ எனப் பொருள்தரும் இலத்தீன் சொற்களின் முன்பின் எழுத்துகளை நீக்கி ‘இட்டாஸ்கா’ என்னும் பெயரைப் புனைந்தார்.

1891இல் பூங்கா அமைந்த பின்னும் மரவணிகர் விடவில்லை. மரங்களை மிதக்கவிடக் கட்டிய அணையால் கரைக்காடு நீரில் மூழ்கியது. 1903இல் பூங்காவின் ஆணையராயிருந்த 24 வயது மேரி கிப்ஸ், மிரட்டலுக்கு அஞ்சாது அணைக்கதவுகளைத் திறக்க முனைந்தார். சில மாதங்களே பதவியில் இருந்தார்.

குழந்தைகள் கடக்கும் அச்சில அடிகளில் ஒருவர் காட்டிய வழியும், மற்றொருவர் காக்க முனைந்த கரையும் உள்ளன. நிலைத்த பெயரோ மூன்றாமவர் இட்டது.