செப்புத் தகட்டில் பிறந்த தேசம்

ஒரு தேசத்தை வாள் உருவாக்குவதுண்டு, நூலும் உருவாக்குவதுண்டு. ஒல்லாந்து தேசத்தின் உருவாக்கத்தில் அச்சுப் படங்களுக்கும் பெரும் பங்கு இருந்தது.

16-ஆம் நூற்றாண்டில், இன்றைய நெதர்லாந்தையும் பெல்ஜியத்தையும் உள்ளடக்கிய 17 மாநிலங்களை ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் ஆண்டார். ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனி உரிமை, தனிச் சட்டம். 'எம் ஊர்' என்ற பற்று இருந்த அளவிற்கு 'நம் நாடு' என்ற உணர்வு வேரூன்றவில்லை. கிளர்ச்சியை ஒடுக்க 1567-இல் ஆல்பா கோமகன் படையுடன் வந்தார். 1572-இல் நார்டன் நகரத்து மக்கள் வெட்டி வீழ்த்தப்பட்டனர். 1576-இல் ஆண்ட்வெர்ப் சூறையாடப்பட்டது.

இக்கொடுமைகளை ஃபிரான்ஸ் ஹோகன்பெர்க் என்னும் கலைஞர், கொலோன் நகரில் குடியேறி வாழ்ந்தபடி செப்புத் தகடுகளில் செதுக்கி அச்சிட்டார். எழுத்தறியாதவரும் அவற்றைப் 'படிக்க' முடிந்தது. மற்றொரு படத்திலே ஆல்பா அரியணையில் வீற்றிருக்கிறார்; அவர்முன் 17 மங்கையர் விலங்கிடப்பட்டு மண்டியிடுகின்றனர். ஒவ்வொரு மங்கையும் ஒரு மாநிலம்! நார்டனின் கண்ணீர் இவ்வாறு எல்லா ஊர்களின் கண்ணீராயிற்று. 1648-இல் வட மாநிலங்களின் விடுதலையை ஸ்பெயின் ஏற்றபோது, அந்தப் பொது நினைவு அங்கே ஆழப் பதிந்திருந்தது.

1614-இல் 'இளைஞர் கண்ணாடி' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளிவந்தது. ஸ்பானியக் கொடுமைகளைத் தந்தை மகனுக்கு எடுத்துரைப்பதாக அமைந்த அந்நூல் பன்முறை பதிப்பிக்கப்பெற்றது.

ஏழே ஆண்டுகள் கழிந்தன. 1621-இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன், சாதிக்காய் வாணிபம் முழுவதையும் கைப்பற்றும் பொருட்டு, இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் படையிறக்கினார். அங்கு வாழ்ந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் வாளாலும் பசியாலும் மாண்டனர். பலர் அடிமைகளாக நாடு கடத்தப்பட்டனர். ஊர்ப் பெரியோர் 40-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பாண்டாவின் துயரமோ, நார்டனின் துயரத்தைப்போல் ஒல்லாந்துப் பிள்ளைகளின் பாடமாகவில்லை. மாறாக, கூன் பிறந்த ஹோர்ன் நகரில் 1893-இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

பட்ட துன்பத்தை நினைவில் வைத்தல் ஒரு சமுதாயத்தின் உரிமை. ஆயினும் பிறர் இழைத்த அநீதியை மட்டுமே காட்டும் கண்ணாடியில் நம் முகம் தெரிவதில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் வரலாறு சொல்லும்போதும் இதனை நினைவிற் கொள்வோமாக!